1911-இன் ட்ரிக்கர், கிளாக்கின் உடம்பு, லூகரின் பேரல்: மூன்றும் ஒரே பிஸ்டலில் சேருமா?

#1 கலப்புமணி

தனித்தனியாகப் பார்த்தால் நான் கேட்பது எல்லாமே எங்கோ ஒரு கைத்துப்பாக்கியில் ஏற்கனவே இருப்பதுதான். 1911 என்ற பழைய கோல்ட் பிஸ்டலில் உள்ளதுபோல நேராகப் பின்னால் நகரும் ட்ரிக்கர். பிரவுனிங் ஹை-பவர் மாதிரி இரட்டை வரிசை மேகசின், 15 தோட்டாவுக்குக் குறையாமல். சிக் பி210-இல் இருப்பதுபோல ஃப்ரேமுக்குள் (பிடியோடு சேர்ந்த உடம்பு) ஓடும் ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்). லூகர் மாதிரி அசையாத பேரல் (குழல்). கிளாக் மாதிரி பாலிமர் ஃப்ரேம், உள்ளே ஸ்ட்ரைக்கர் (ஹேமர் இல்லாமல் ஸ்பிரிங் வலுவில் தானே பாய்ந்து அடிக்கும் ஊசி). தோட்டா 9×19, அதாவது 9 மி.மீ. மேலே ரெட்-டாட் (சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி) வைக்க இடம்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இதை யாரும் ஒன்றாக்கவில்லை என்றால் காரணம் செலவா, காப்புரிமையா, இல்லை எது எதோடு சண்டை போடுகிறது? இந்த மாடல் நல்லது, அந்த மாடல் மோசம் என்ற பட்டிமன்றம் வேண்டாம். எந்தப் பாகம் எங்கே இடிக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

#2 சியர்முனை

முதல் சண்டை உங்கள் பட்டியலின் முதல் இரண்டு வரிக்குள்ளேயே இருக்கிறது.

1911-இன் ட்ரிக்கரைத் தனிப் பாகமாக நினைக்காதீர்கள், அது ஒரு ஏற்பாடு. விரல் படும் துண்டுக்குப் பின்னால் மெல்லிய எஃகுத் தகட்டில் ஒரு வளையம், குதிரைச் சேணத்து அங்கவடி மாதிரி. மேகசின் அந்த வளையத்தின் நடுவே புகுந்து போகிறது. வளையத்தின் பின்புறம் டிஸ்கனெக்டரைத் (ஸ்லைடு மூடாதபோது தொடர்பைத் துண்டிக்கும் துண்டு) தள்ளும், டிஸ்கனெக்டர் சியரைத் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) தள்ளும், ஹேமர் (சுத்தியல்) விழும். நடுவில் நெம்புகோல் கிடையாது, அச்சு கிடையாது. அந்தச் சுத்தமான உணர்வு இதிலிருந்துதான் வருகிறது.

.45 ஒற்றை வரிசை மேகசினின் அகலம் 14 மி.மீ.-க்குள் அடங்கும். 9 மி.மீ. இரட்டை வரிசை 20 மி.மீ.-ஐத் தாண்டிவிடும். வளையம் அதைச் சுற்றிவர வேண்டும், வளையம் ஓட இருபுறமும் ஃப்ரேமில் தடம் வெட்ட வேண்டும், தடத்துக்கு வெளியே சுவர் வேண்டும், சுவருக்கு வெளியே க்ரிப் பலகை. பழைய வடிவத்தை அப்படியே அகலப்படுத்தினால் கையில் செங்கல் பிடித்ததுபோல் இருக்கும். 1990-களில் வந்த, '2011' என்று பெயருள்ள இரட்டை வரிசை 1911 வகை இதற்கு ஒரு வழி கண்டது: ஸ்லைடு ஓடும் தண்டவாளமும் சியர், ஹேமர் பின்களும் உள்ள மேல்பாதி மட்டும் எஃகு. ட்ரிக்கர் கார்டோடு சேர்ந்த கீழ்பாதி மெல்லிய சுவருள்ள பாலிமர், தனிப் பலகையே கிடையாது. ஆக உங்கள் ஒன்றாவது, இரண்டாவது வரிகளும் ஐந்தாவதில் பாதியும் ஏற்கனவே ஒன்றுசேர்ந்துவிட்டன.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையைக் கவனியுங்கள். வளையம் ஓடும் தடம் இப்போது பாலிமரில். க்ரிப்பை மாற்றினால் ட்ரிக்கர் புதிதாகப் பொருந்த வேண்டும், மேகசின் கேட்சும் அப்படியே. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, காலி மேகசினைச் செருகி, முனையை மேலே தூக்கி ஒருமுறை, கீழே சாய்த்து ஒருமுறை ட்ரிக்கரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி, உரசலின்றி அசைய வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போது மட்டும் சொரசொரப்பு தெரிந்தால் வளையம் மேகசின் உடம்பில் உரசுகிறது.

இன்னொன்று எடை. ஸ்லைடு மூடி அறையும்போது துப்பாக்கி முன்னால் துள்ளும். ட்ரிக்கர் நிலைமத்தால் பின்தங்கும், அதாவது ஃப்ரேமோடு ஒப்பிட்டால் தானே பின்னால் வந்து டிஸ்கனெக்டரைத் தட்டும். சியர் பிடி மெலிதாக இருந்தால் ஹேமர் ஸ்லைடோடு கூடவே விழுந்துவிடும். அலுமினிய ட்ரிக்கர் வந்த காரணம் அழகில்லை, இந்தத் தட்டல்தான். சியர் ஸ்பிரிங்கின் நடு இதழை வளைத்து இழுவையைக் குறைக்கிறவர்கள் தட்டலைத் தடுக்கும் தடையைத்தான் பலவீனமாக்குகிறார்கள்.

#3 கலப்புமணி

அப்படியானால் ஹை-பவர் மேகசினை எப்படித் தாண்டியது? அதுவும் இரட்டை வரிசைதானே, கை அடக்கமாகவும் இருக்கிறதே.

#4 பழையஇரும்பு

தாண்டவில்லை தம்பி, ஏறிக் குதித்தது.

ஜான் பிரவுனிங் 1926-இல் இறந்தபோது வேலை முடியவில்லை. முடித்தவர் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்தின் த்யோதொனே சேவ், 1935-இல். மேகசினைச் சுற்றி வளையம் போட இடமில்லை என்று அவர்கள் ட்ரிக்கரின் விசையை மேலே அனுப்பினார்கள். ட்ரிக்கரிலிருந்து ஒரு நெம்பு செங்குத்தாக எழும்பி, ஸ்லைடுக்குள் இருக்கும் ஒரு குறுக்குத் தண்டின் முன் நுனியைத் தூக்கும். தண்டு ஏற்றப்பலகைபோல ஆடி, பின் நுனியால் சியரைக் கீழே அழுத்தும். ஸ்லைடு பின்னால் போனதும் தண்டும் கூடவே போய்விடுவதால் தனி டிஸ்கனெக்டர் தேவையில்லை. கெட்டிக்கார வேலைதான். ஆனால் விசை ஏறி இறங்கும் வழியில் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தளர்வு சேரும். 1911-இன் முறிவு (சியர் நழுவும் கணம்) விரலுக்குத் தெரிகிற மாதிரி இதில் தெரியாது.

அதற்கு மேல் மேகசின் இல்லாவிட்டால் சுடாது என்ற தடை வேறு. பிரெஞ்சு ராணுவம் கேட்டு நுழைந்த நிபந்தனை. ட்ரிக்கரோடு சேர்ந்த ஒரு சின்ன முளை மேகசினின் முன்முகத்தில் அழுந்தி உரசிக்கொண்டே நகரும். ஹை-பவர் ட்ரிக்கர் மணலில் இழுப்பதுபோல் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பாதிப்பேர் குறை சொல்வது இந்த முளையைத்தான். எஃப்என் 2022-இல் புதுப்பித்து விட்ட ஹை-பவரில் அந்தத் தடையே இல்லை, மேகசினும் 13-லிருந்து 17 ஆகிவிட்டது.

நடுவழி சிஇசட் 75 (1975). ட்ரிக்கர் அச்சில் ஆடும், ஆனால் அதன் பின்னால் வரும் பட்டை மேகசினின் இருபுறமும் கவைபோலப் பிரிந்து போகும். நேர்கோட்டு நகர்வு போனது, அகலம் தப்பித்தது. உங்கள் ஃப்ரேமுக்குள் ஓடும் ஸ்லைடும் இதில் உண்டு. எனக்குக் கேட்டால் உங்கள் பட்டியல் தேடி அலைகிற துப்பாக்கிக்கு மிகப் பக்கத்தில் நிற்பது இதுதான். நேரான ட்ரிக்கர் என்ற ஒரு பிடிவாதத்தை விட்டால் போதும்.

#5 அளவுகோல்

இரண்டு பேரும் அகலத்தையே பேசுகிறீர்கள். நீளம்தான் பெரிய தொல்லை.

.45 ஏசிபி தோட்டாவின் அதிகபட்ச மொத்த நீளம் 32.4 மி.மீ. 9×19-க்கு 29.69 மி.மீ. வித்தியாசம் 2.7 மி.மீ. 1911-இன் மேகசின் கிணறு முன்-பின்னாக .45-க்கு வெட்டியது. அதில் 9 மி.மீ. போட்டால் தோட்டா ஒவ்வொரு அதிர்விலும் முன்னால் வழுக்கும். வழுக்கிய தோட்டாவின் மூக்கு கீழே சாயும், ஸ்லைடு வந்து தள்ளும்போது, தோட்டாவைப் பேரலுக்குள் ஏற்றும் சரிவின் அடியில் முட்டி நிற்கும். 9 மி.மீ. 1911 சிக்கிக்கொள்கிறது என்ற புகார்களில் கணிசமானவை இதுதான். மேகசினின் பின்சுவரில் தடுப்புத் தகடோ முன்சுவரில் உள்நோக்கிய மடிப்போ போட்டு அந்த இடைவெளியை அடைப்பார்கள். 2011 மேகசினிலும் இதே கதை.

சரியான தீர்வு கிணற்றையே குட்டையாக்குவது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியின் ஈஎம்பி அப்படித்தான் செய்தது. மேகசின், ஃப்ரேம், ஸ்லைடு எல்லாம் ஏறக்குறைய 3 மி.மீ. குறுகின. பிடியின் முன்-பின் சுற்றளவும் ட்ரிக்கருக்கு விரல் எட்டும் தூரமும் சேர்ந்து குறையும். ஆனால் அந்தக் கணத்தில் சாதாரண 1911-இன் எத்தனையோ பாகங்கள் அதில் ஏறாது.

அடுத்தது சரிவு. பழைய 1911-இல் ஏற்றும் சரிவு இரண்டு துண்டு. பாதி ஃப்ரேமில், பாதி பேரல் வாயில். இரண்டுக்கும் நடுவே பேரல் பக்கம் சுமார் 0.8 மி.மீ. பின்வாங்கி, அதாவது குழல் முனைப் பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் பேரலின் விளிம்பு ஃப்ரேமின் மேல் துருத்தினால் தோட்டாவின் மூக்கு அதில் இடித்து நிற்கும். பளபளப்பாக்குகிறேன் என்று சரிவின் கோணத்தையே தேய்த்துக் கெடுத்த ஃப்ரேமுக்கு மருந்து இல்லை. பாலிமர் ஃப்ரேமில் இந்த இரண்டு-துண்டு சரிவுக்கு வழியே கிடையாது, சரிவு முழுவதும் பேரலோடு வர வேண்டும். 9×19-க்கு அது எப்படியும் நல்லது. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமியின் (SAAMI) அழுத்த வரம்பில் .45-க்கு 21,000 பிஎஸ்ஐ, 9 மி.மீ.-க்கு 35,000. கேசின் (தோட்டாவின் உலோகக் கூடு) அடிப்பக்கம் தாங்கலில்லாமல் வெளியே தெரியக்கூடாது.

#6 டாகிள்மூட்டு

#1-இல் ஒரு பிழை. லூகரின் பேரல் அசையாத பேரல் இல்லை. பேரலும் அதோடு சேர்ந்த பின்னீட்டமும் ஒன்றாகப் பின்னால் நகரும், சாயாது, அவ்வளவுதான். நகர்ந்த பேரலின் வேகத்தில் முழங்கால்போல் இருக்கும் மூட்டு, ஃப்ரேமின் சரிந்த காதுகளில் மோதி மேலே மடியும், பூட்டு திறக்கும். போர்ஷார்ட்டின் 1893 பிஸ்டலிலிருந்து கேயார்க் லூகர் எடுத்துச் சுருக்கியது.

அதை இன்று கடன் வாங்க நினைத்தால் மூன்று விஷயம் கூடவே வரும். மூட்டு நேர்கோட்டில் பூட்டியிருப்பதால் தோட்டாவின் வலு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். மெலிந்த தோட்டாவில் மூட்டு முழுதாக மடியாது. பிடி பேரலுக்கு 55 பாகையில் சாய்வதால் மேகசினும் அதே சாய்வு, தோட்டாக்களைத் தூக்க வலுவான ஸ்பிரிங் கேட்கும். லூகரின் பின் குறி மடியும் மூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ரெட்-டாட்டை எங்கே வைப்பீர்கள்? சியர் பக்கவாட்டில் இருப்பதால் ட்ரிக்கர் விசை ஒரு பக்கத் தகட்டுக்குள் ஒளிந்த நெம்பு வழியாகப் போகிறது. நேர்கோட்டு ட்ரிக்கரை அங்கே மறந்துவிடலாம்.

நேராகப் பின்வாங்கும் பேரல்தான் வேண்டும் என்றால் வால்தர் பி38, பெரெட்டா 92 வழி இருக்கிறது. பேரலுக்கு அடியில் ஒரு பூட்டுக்கட்டை கீழே இறங்கும். கட்டையின் இரு சிறகும் ஸ்லைடின் பக்கவாட்டில் பூட்டுவதால் ஸ்லைடு அகலமாகும், கட்டையைத் தேய்மானப் பொருளாக நினைத்து மாற்ற வேண்டிவரும். சுழலும் பேரல் இன்னொரு வழி: ஸ்டையர் 1912, பிறகு பெரெட்டா பிஎக்ஸ்4, கிராண்ட் பவர். அதிலும் சுழற்றும் தடத்துக்கு அகலமும் நல்ல மசகும் வேண்டும்.

உண்மையிலேயே அசையாத பேரல் என்றால் ஹெக்லர் & கோக் பி7. வெடிவாயுவில் கொஞ்சம் பேரலுக்கு அடியில் உள்ள சிலிண்டருக்குள் போய், ஸ்லைடோடு சேர்ந்த பிஸ்டனை எதிர்த்துத் தள்ளிப் பின்னோட்டத்தைத் தாமதிக்கும். பேரல் கைக்கு மிக அருகில், ஃப்ரேமில் இறுக்கிப் பொருத்தியது, துல்லியம் பிரமாதம். ஆனால் அந்த சிலிண்டர் ட்ரிக்கருக்கு நேர் மேலே. சில மேகசின் தொடர்ந்து போனதும் விரலுக்குச் சூடு தெரியும். பின்னால் வந்த பி7எம்8-இல் வெப்பத்தடுப்பே வைக்க வேண்டிவந்தது. உறையில்லாத ஈயக் குண்டு போட்டால் வாயுத்துளையில் ஈயம் படியும். இதையே பாலிமர் ஃப்ரேமில் யோசித்துப் பாருங்கள்.

#7 குறிபார்வை

பேரல் அச்சு தாழ்வாக இருப்பதற்கு இத்தனை மரியாதை தேவையா? சிக் பி220 குடும்பம் முழுக்க உயரமான அச்சுதான், நன்றாகத்தான் சுடுகிறது. பிடியின் சாய்வுதான் குறியை மாற்றும். செங்குத்திலிருந்து அளந்தால் 1911 சுமார் 18 பாகை, கிளாக் 22, லூகர் 35. ஒன்றில் கை பழகியவர் இன்னொன்றை எடுத்தால் முன்குறி மேலே நிற்கும் அல்லது தொங்கும். கலப்பு என்றால் இந்த மாதிரி கலப்பு: ரூகரின் .22 பிஸ்டலுக்கு லூகர் சாயல் சாய்வு. அதே மேல்பாகத்தை வைத்துக்கொண்டு 1911-இன் பிடிச் சாய்வில் 22/45 என்று விட்டார்கள். ஒரே ஒரு கோணம் மாறியது, பிழைத்தது.

#8 டாகிள்மூட்டு

தேவை என்று சொல்லவில்லை, கேட்டது அவர். ஆனாலும் அச்சு உயரமும் பூட்டும் ஒன்றுக்கொன்று உறவு. பேரல் சாய்ந்து இறங்க அடியில் இடம் வேண்டும், அதற்கும் கீழே ஸ்லைடை முன்னால் திருப்பும் ரீகாயில் ஸ்பிரிங். இதைத் தவிர்க்க ஹட்சன் எச்9 (2017) ஸ்பிரிங்கைப் பேரலின் அடியிலிருந்து இன்னும் கீழே, ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால் இறக்கியது. ஸ்ட்ரைக்கர், எஃகு ஃப்ரேம், 1911 சாயல் ட்ரிக்கர், 15 தோட்டா. உங்கள் பட்டியலைக் காகிதத்திலிருந்து கடைக்குக் கொண்டுவந்த துப்பாக்கி என்றே சொல்லலாம். 2019-இல் நிறுவனம் திவாலானது. வடிவம் செத்துவிடவில்லை, டேனியல் டிஃபென்ஸ் அதை வாங்கி 2024-இல் மறுபடி கொண்டுவந்தது.

#9 சியர்முனை

ஹேமரை எடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கர் வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கேதான் கலப்புக்காரர்கள் தவறாமல் ஏமாறுகிறார்கள்.

ஹேமரின் வேலை பிரைமரை (தோட்டாவின் அடியில் உள்ள தீப்பொறி மூடி) அடிக்க வைப்பது மட்டும் என்று நினைப்பு. இல்லை. ஸ்லைடு பின்னால் வரும்போது முதலில் ஹேமரைத் தள்ளிச் சாய்க்க வேண்டும், அதாவது ஹேமரைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். 1911-இல் அந்த ஸ்பிரிங் 23 பவுண்டு. ஸ்லைடுக்கு அது ஆரம்பத் தடை. எவ்வளவு தடை என்பதை ஃபயரிங் பின் ஸ்டாப்பின் (பிரைமரை அடிக்கும் ஊசியை ஸ்லைடில் பிடித்து நிறுத்தும் தகடு) அடி விளிம்பு முடிவுசெய்கிறது. ஆரம்பத்தில் அந்த விளிம்பின் வளைவு சின்னது, 2 மி.மீ. அளவு. ஹேமரின் அச்சுக்கு அருகில் தொடும், நெம்பு குறைவு, தடை அதிகம், ஸ்லைடு மெல்லத் திறக்கும். பிறகு கையால் ஸ்லைடு இழுக்க எளிதாகட்டும் என்று வளைவைப் பெரிதாக்கினார்கள். தொடும் புள்ளி மேலே போனது, தடை குறைந்தது. ஒரே ஒரு விளிம்பின் வளைவுதான், ஆனாலும் பின்னுதைப்பின் உணர்வு மாறும்.

இப்போது ஹேமரை எடுத்துவிடுங்கள். அந்தத் தடை மொத்தமும் போச்சு. ஸ்லைடின் எடையோ ரீகாயில் ஸ்பிரிங்கோ அதைச் சுமக்க வேண்டும். ஸ்ட்ரைக்கரோ உதவுவதற்குப் பதில் திரும்பும் வழியில் எதிர்க்கும். கிளாக்கில் ஸ்லைடு மூடும் கடைசி சில மி.மீ.-இல் ஸ்ட்ரைக்கரின் வால் ட்ரிக்கர் பட்டையில் மாட்டும். அங்கிருந்து ரீகாயில் ஸ்பிரிங் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டுதான் ஸ்லைடை மூட வேண்டும். இரண்டு ஸ்பிரிங்கும் கயிறு இழுக்கும் போட்டி. லேசான ரீகாயில் ஸ்பிரிங், கனமான ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் என்று யாராவது சேர்த்தால் ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்கும்.

சோதனை சுலபம். மேகசினை எடு, அறை காலியா என்று இரண்டு முறை பார். பாதுகாப்பான பக்கம் முனையை மேல்நோக்கிப் பிடித்து ட்ரிக்கரை இழுத்து அப்படியே வைத்திரு. ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, விட்டுவிடாமல் கையோடு மெல்ல முன்னால் கொண்டுபோ. கடைசி வரை தானே மூட வேண்டும். சில மி.மீ. மிச்சம் வைத்து நின்றால் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

சிக் பி320 மாதிரி ஸ்ட்ரைக்கரை ஸ்லைடே முழுக்க ஏற்றிவிடும் வகையில் ட்ரிக்கருக்கு வேலை குறைவு, அதனால் உணர்வு ஒற்றைச் செயல் பிஸ்டலுக்குப் (ட்ரிக்கர் ஏற்கனவே ஏறிய ஹேமரை விடுவிக்க மட்டும் செய்யும் வகை) பக்கத்தில் வரும். அதற்கான கவலை வேறு, அது பாதுகாப்பில் வரும்.

#10 நெறியாளர்

பாதுகாப்புப் பற்றித் தொடரலாம். ட்ரிக்கர், சியர் பாகங்களைத் தேய்ப்பது எப்படி என்று படிப்படியாக எழுத வேண்டாம், அது பயிற்சி பெற்ற ஆர்மரர் (துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்) மேஜைக்கு உரியது. எந்தப் பாகம் பதிவெண் உள்ள துப்பாக்கியாகக் கணக்கில் வரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பி320-இல் அது உள்ளே இருக்கும் சின்ன எஃகுக் கூடுதான், பிடியும் ஸ்லைடும் வெறும் உதிரி. வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

#11 பழையஇரும்பு

1911-இல் கட்டைவிரல் சேஃப்டி சியரைத்தான் பூட்டுகிறது, ஃபயரிங் பின்னை இல்லை. துப்பாக்கி முனை கீழாக விழுந்தால் பின் தன் எடையிலேயே ஸ்பிரிங்கை அமுக்கி முன்னால் போகலாம். அதற்கு இரண்டு பாதை. ஒன்று, பின்னை லேசாக்கி ஸ்பிரிங்கை வலுவாக்குவது. டைட்டானியம் பின் அதற்குத்தான். இன்னொன்று, பின்னுக்குக் குறுக்கே ஒரு முளை. கோல்ட்டின் சீரிஸ் 80 (1983) அந்த முளையை ட்ரிக்கரால் தூக்குகிறது, ஆக ட்ரிக்கர் பாதையில் இரண்டு நெம்பு கூடுகிறது. 1930-களிலேயே கோல்ட்டில் வந்த ஸ்வார்ட்ஸ் முறை க்ரிப் சேஃப்டியால் (பிடியை அணைத்தால் அழுந்தும் பின்புறப் பாதுகாப்பு) தூக்குகிறது. 2000-களில் கிம்பர் அதைத் தூசி தட்டி எடுத்தது. ட்ரிக்கர் தீண்டப்படாமல் தப்பிக்கிறது.

கலப்புமணிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த முறையில் ஸ்லைடை ஃப்ரேமில் ஏற்றும்போது க்ரிப் சேஃப்டியை அழுத்திப் பிடித்திருக்கக்கூடாது. அழுத்தினால் ஃப்ரேமிலிருந்து ஒரு குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும், ஸ்லைடு அதில் மோதி வளைத்துவிடும். கழற்றும்போதும் அப்படியே. 1911-ஐ இறுக்கிப் பிடித்துப் பழகிய கைக்கு இது தானாக வராது. பிடியைப் பின்னாலிருந்து அணைக்காமல் இரு பக்கமும் விரல்களால் பிடித்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும்.

பாலிமரிலும் க்ரிப் சேஃப்டி புதிதில்லை. குரோஷியாவின் எச்எஸ்2000 ஸ்ட்ரைக்கரோடு அதைச் சேர்த்தது. ஸ்மித் & வெஸன் ஷீல்டு ஈஇசட் அதோடு உள்ளே ஒளிந்த ஹேமரையும் சேர்த்தது. ஹேமர் வைத்ததால் ஸ்லைடு மூடும்போது ஸ்ட்ரைக்கரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, ரீகாயில் ஸ்பிரிங் லேசாகலாம், ஸ்லைடு இழுக்க எளிது. சியர்முனை #9-இல் சொன்ன கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்தியது அது.

#12 அளவுகோல்

பி320 பற்றி: 2017-இல் குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது சுடலாம் என்று தெரியவந்ததும் தயாரிப்பாளரே இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தார். மாற்றத்தில் முக்கியமான ஒன்று லேசான ட்ரிக்கர். விழுந்த அதிர்ச்சியில் கனமான ட்ரிக்கர் தன் நிலைமத்தாலேயே பின்னால் போனது. #2-இல் 1911 வளையத்துக்குச் சொன்ன அதே இயற்பியல், நூற்றாண்டு தள்ளி இன்னொரு உருவில். கிளாக் ட்ரிக்கர் நடுவில் உள்ள சின்ன நாக்கு இதைத்தான் தடுக்கிறது. விரல் படாமல் ட்ரிக்கர் நகராது. நேர்கோட்டு ட்ரிக்கரில் நாக்கு வைக்கலாம், ஆனால் ட்ரிக்கர் கனமாகும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

#13 குறிபார்வை

பாலிமர் எடைக்கு வருவோம். காலி கிளாக் 17 மேகசின் இல்லாமல் 630 கிராம் அளவு, எஃகு 1911 சுமார் 1,100. ஸ்லைடு ஓடுவது ஃப்ரேமோடு ஒப்பிட்டுத்தான். கை தளர்ந்து ஃப்ரேமும் கூடவே பின்னால் போனால் ஸ்லைடின் ஓட்டம் குறைந்து கேஸ் வெளியேறாமல் சிக்கும். கனமான ஃப்ரேம் தன் நிலைமத்தால் தானே கொஞ்சம் நின்று கொடுக்கும், லேசான ஃப்ரேமுக்கு அந்த வேலையைக் கை செய்ய வேண்டும். பழைய ஸ்லைடு எடையை அப்படியே பாலிமர் மேல் வைத்தால் மேலே கனம், கீழே காற்று.

ஃப்ரேமுக்குள் ஓடும் ஸ்லைடை பாலிமரில் நீளத் தண்டவாளமாகச் செய்ய முடியாது, எஃகுச் செருகல் வேண்டும். சிஇசட் பி-07 அப்படிச் செய்தது. அதே நிறுவனம் ஸ்ட்ரைக்கர் பி-10 செய்தபோது ஸ்லைடை வெளியே கொண்டுவந்துவிட்டது. ஃப்ரேமுக்குள் ஸ்லைடு என்றால் விரலால் பிடிக்க மிஞ்சும் உயரமும் கொஞ்சம்தான். ஈரக்கையில் வழுக்கும்.

ரெட்-டாட்: ஹை-பவரின் மெல்லிய ஸ்லைடில் வெட்ட இரும்பே இல்லை. பெரெட்டா 92-இல் ஃபயரிங் பின் முளை ஸ்லைடின் மேல்பக்கமாகவே எழும்பும், தகடு அதைத் தாண்டி உட்கார வேண்டும். கிளாக்கில் வேறு கூத்து. வலப்பக்கத் திருகு அரை மி.மீ. நீளம் கூடினாலும் அடியில் ஓடும் எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கேஸை இழுத்தெடுக்கும் கொக்கி) தண்டை அழுத்திப் பிடிக்கும். ரெட்-டாட் மாட்டிய நாளிலிருந்து கேஸ் சரியாக வெளியே வரவில்லை என்றால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், முதலில் அந்தத் திருகைக் கழற்றி நீளம் பாருங்கள். முறுக்கு பொதுவாக 12 முதல் 15 அங்குல-பவுண்டு, உங்கள் தகட்டுத் தாளில் இருப்பதே கடைசிப் பேச்சு. எண்ணெய் துடைத்து, பூட்டுப்பசை ஒரு சொட்டு.

#14 கலப்புமணி

சரி, பட்டியலைக் கிழித்து எழுதுகிறேன். எஃகு மேல்பாதி, பாலிமர் பிடி. நேரான ட்ரிக்கர் இருக்கட்டும், அதனால் 2011 பாதை. ஸ்ட்ரைக்கர் போனது, ஹேமர் உள்ளே வந்தது. அசையாத பேரல் போனது. சாயும் பேரல், பூட்டு பி220 மாதிரி கேஸ் வெளியேறும் சாளரத்திலேயே. ஸ்லைடு வெளியே. க்ரிப் சேஃப்டியால் தூக்கும் முளை. 9 மி.மீ. நீளத்துக்கே வெட்டிய கிணறு. இதில் இன்னும் இடிப்பது என்ன?

#15 டாகிள்மூட்டு

சாளரப் பூட்டு சரியான தேர்வு. 1911-இல் பேரல் முதுகில் இரண்டு பூட்டுவரி, ஸ்லைடுக்குள் அதற்கேற்ற பள்ளம், கீழே பேரலை இறக்கும் ஆடும் கண்ணியான லிங்க். பூட்டு இறுகட்டும் என்று நீளமான லிங்க் போட்டால் பேரலின் அடிக்கால்கள் ஸ்லைடு ஸ்டாப் முளையில் உட்காராமல் லிங்க்கிலேயே தொங்கும். பிறகு லிங்க் உடையும். சாளரப் பூட்டில் ஒரே ஒரு முகம் பொருந்தினால் போதும், கீழே ஹை-பவர் மாதிரி கெட்டியான காம் (பேரலை இறக்கும் சரிவான வெட்டு). இன்றைக்குச் சந்தையில் உள்ள பெரும்பாலானவை அதைத்தான் செய்கின்றன.

எக்ஸ்ட்ராக்டரையும் முடிவு செய்யுங்கள். 1911-இன் உள் எக்ஸ்ட்ராக்டர் தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும் ஒரு வளைந்த கம்பி. வளைவு குறைந்தால் கேஸை விட்டுவிடும், கூடினால் தோட்டா அதன் அடியில் நுழையாமல் ஸ்லைடு திறந்தபடி நிற்கும். எஃப்என் 1962-லேயே ஹை-பவரில் வெளி எக்ஸ்ட்ராக்டருக்கு மாறிவிட்டது. கிளாசிக் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் சுருள் ஸ்பிரிங் உள்ள வெளி எக்ஸ்ட்ராக்டரில் யாரும் வளைத்துப் பார்த்து வித்தை காட்ட வேண்டியதில்லை.

#16 கலப்புமணி

வெளி எக்ஸ்ட்ராக்டர், எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: 5 அங்குலப் பேரல், 9 மி.மீ., ஹேமர். ரீகாயில் ஸ்பிரிங் எத்தனையில் தொடங்கலாம்?

#17 சியர்முனை

.45 எஃகு 1911-க்கு வழக்கம் 16 பவுண்டு. 9 மி.மீ.-க்கு 12 அல்லது 13-இல் தொடங்குங்கள். மெயின் ஸ்பிரிங்கை அதே சமயம் மாற்ற வேண்டாம், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. கேஸ் ஒன்றிரண்டு மீட்டரில் ஒரே பக்கமாக விழுகிறதா, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஒவ்வொரு மேகசினிலும் ஸ்லைடு திறந்து நிற்கிறதா என்று பாருங்கள். கேஸ் வெகுதூரம் பறந்தால் ஒரு பவுண்டு கூட்டுங்கள். காலடியில் விழுந்தாலோ ஸ்லைடு திறந்து நிற்காமல் போனாலோ ஒரு பவுண்டு குறைக்கலாம். ஆனால் குறைத்ததும் மேகசின் நிறையப் போட்டு முதல் தோட்டா ஏறுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரட்டை வரிசை ஒற்றையாகக் குவியும் கழுத்தில்தான் உராய்வு அதிகம், நிறைந்த மேகசினில் ஸ்லைடு அங்கேதான் திணறும்.

#18 அளவுகோல்

டம்மி தோட்டாவில் முதலில் பாருங்கள், நீளம் 29 மி.மீ.-க்குக் குறையாத டம்மியாக.